வீடு அவருடையது, அடிமனை யாருடையது?

வக்கீல் பத்திரக் கட்டை மேசையில் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டு வந்தார். கிரயப் பத்திரம், வீட்டு வரி ரசீது, மின்சார அட்டை எல்லாம் வரிசையாக இருந்தன. அடியில், மடித்த மடிப்பிலேயே கிழியப் போகும் நிலையில் ஒரு சின்ன ரசீது. கோயில் தேவஸ்தானம் 1994இல் கொடுத்தது. அதை விரித்து என் பக்கம் தள்ளினார்.

"இதை யாரும் உங்களுக்குப் படிச்சுக் காட்டலையாம்மா?"

'அடிமனை வாடகை' என்று அதில் எழுதியிருந்தது. கிரயப் பத்திரத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். 'அடிமனை நீங்கலாக மேல்கட்டுக்கோப்பு மட்டும்.' சுவரும் கூரையும் விற்பவருடையவை. அவை நிற்கும் மண் கோயிலுடையது. கும்பகோணத்தில் சன்னதித் தெருவை ஒட்டிய அந்தத் திண்ணை வீட்டுக்கு, மண்ணையும் சேர்த்துத்தான் எங்களிடம் விலை சொல்லியிருந்தார்கள்.

இது நடந்தது 2025 தை மாதம். நான் கும்பகோணத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். கணவர் பத்து வருடமாகத் துபாயில். அவர் அனுப்பிய சேமிப்பு, என் நகை, சீட்டுப் பணம் எல்லாவற்றையும் திரட்டி ஒரு வீடு வாங்க நினைத்தோம். வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லாமல் வாங்குகிறவர்களுக்குத்தான் வக்கீல் அதிகம் தேவை என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடன் வாங்கினால் வங்கியாவது ஒரு முறை பத்திரத்தைப் பார்க்கும். கையில் இருக்கும் பணத்தைக் கொடுத்து வாங்கும்போது நடுவில் நிறுத்திக் கேட்க யாரும் இல்லை.

தரகர் அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் போன் செய்து, "தங்கச்சி, இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு, ராத்திரிக்குள்ள டோக்கன் போட்டுடுங்க" என்றார். டோக்கன் முன்பணமாக ரூ.15,000 கொடுத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வக்கீலைப் பார்த்தேன். அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை. வக்கீலைப் பார்க்கும் முன்பே, நாலு நாள் முந்திக் கொடுத்ததுக்கு அவ்வளவு விலை.

மயிலாடுதுறை, திருவாரூர் என்று நம் பக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்கள் பலவற்றில் இந்த அடிமனை விஷயம் உண்டு. மண் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். கட்டடம் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும். அறநிலையத்துறைச் சட்டம் 1959இல் வந்தது. அதன் 34ஆம் பிரிவின்படி, கோயில் நிலத்தை உரிய அனுமதி இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கோம்" என்பதும் உதவாது. கோயில் தன் நிலத்தை மீட்க வழக்குப் போடுவதற்குக் காலவரம்பு இல்லை என்று அதே சட்டத்தின் 109ஆம் பிரிவு சொல்கிறது. விவரம் தெரிந்து, கோயிலுக்கு வாடகை கட்டும் குடியாக இருக்க ஒப்புக்கொண்டு, கட்டடத்துக்கு மட்டும் விலை கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் முடிவு. ஆனால் மண்ணுக்கும் சேர்த்து விலை கொடுத்துவிட்டு, பிறகு வாடகை கேட்டு நோட்டீஸ் வரும்போது தெரிந்துகொள்வது பெரிய வேதனை.

அந்த வருடம் நான் அலைந்த அலைச்சலைப் பார்த்து, வார்டில் யார் இடம் வாங்கப் போனாலும் இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். பத்திர எழுத்தர் இருக்கும்போது வக்கீல் எதற்கு?

பத்திர எழுத்தர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நாம் கொடுக்கும் விவரத்தை முறையாக எழுதிப் பதிவுக்குக் கொண்டுபோவதுதான் அவர் வேலை. விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பது வேறு வேலை. சார்பதிவாளர் பார்க்க மாட்டாரா என்று அடுத்து கேட்பார்கள். அந்த 2025 ஏப்ரலில்தான் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை அல்ல என்று சொன்னது. வக்கீல் அந்தச் செய்தியைக் காட்டி, "பதிவாயிடுச்சுன்னா சொத்து சுத்தம்னு நெனைக்காதீங்கம்மா. எழுதிக் கொடுத்தாரு, நீங்க வாங்கிக்கிட்டீங்க, அதுக்குத்தான் அது சாட்சி" என்றார்.

வங்கி வக்கீல் பற்றியும் கேட்பார்கள். வீட்டுக் கடன் போட்டால் வங்கியின் வக்கீல் 'லீகல்' பார்ப்பார், அதற்கான கட்டணமும் நம்மிடம்தான் வாங்குவார்கள். ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டியது வங்கிக்கு. கொடுத்த கடன் திரும்ப வருமா என்பது வங்கியின் கவலை. வேலி எங்கே நிற்கிறது, பாதை யாருடையது என்பதெல்லாம் குடியிருக்கப் போகிறவரின் கவலை. விற்பவரின் வக்கீலையே நாமும் வைத்துக்கொள்வது மிச்சம் போலத் தெரியும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

என் வக்கீலைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். "சிவில் கேஸ் நடத்துறவரா பாரு. சொத்துத் தகராறு கோர்ட்ல எப்படி வரும்னு அவருக்குத்தான் தெரியும்" என்றார். மூன்று பேரிடம் கட்டணம் கேட்டேன். ஒருவர் கிரயத் தொகையில் சதவீதம் கேட்டார். அது எனக்கு ஒத்துவரவில்லை. கிரயம் முடிந்தால்தான் காசு என்றால், 'வாங்காதே' என்று சொல்ல அவருக்கு எப்படி வாய் வரும்? நான் தேர்ந்தெடுத்தவர் பத்திரங்களைப் பார்த்து எழுத்தில் கருத்துரை கொடுக்க ரூ.10,000, கிரயப் பத்திரம் தயாரித்துப் பதிவு நாளில் கூட வருவதற்கு ரூ.6,000 என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஈசி எனப்படும் வில்லங்கச் சான்று, நகல் செலவு தனி. கருத்துரையைக் கையெழுத்துப் போட்டு, பார் கவுன்சில் பதிவு எண்ணோடு தருவாரா என்று கேட்டேன். கேட்கத் தயக்கமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாசியில் ஒரு மனைப் பிரிவு பார்த்தோம். நஞ்சையில் மண் கொட்டிக் கல் நட்டிருந்தார்கள். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்றார் தரகர். வக்கீல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். நகர் ஊரமைப்புத் துறை அனுமதி எண் கேளுங்கள், இல்லையென்றால் 2016 அக்டோபர் 20க்கு முன்பே அந்த மனை தனி மனையாகப் பதிவான பத்திரம் கேளுங்கள் என்றார். இரண்டும் இல்லை. அங்கிருந்து கிளம்பிவிட்டோம்.

பங்குனி கடைசியில் மூன்றாவதாகப் பார்த்ததுதான் இப்போது நாங்கள் இருக்கும் வீடு. அரசலாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஓரமாக ஒரு கிராமம். ஓட்டு வீடு, பின்னால் நாலு தென்னை, ஒரு முருங்கை. விற்பவர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். 6 சென்ட், சென்ட் இரண்டரை லட்சம், ஆக 15 லட்சம் என்றார்கள். இந்த முறை டோக்கன் கேட்டபோது, "வக்கீல் சரின்னு சொன்ன மறுநாள் தர்றேன்ணே" என்றேன். இடம் ஒன்றும் ஓடிப்போகவில்லை.

வக்கீல் முதலில் கேட்டது தாய்ப்பத்திரத்தின், அதாவது சொத்து இவர்களுக்கு வந்த பழைய பத்திரங்களின், அசல். நகல் வேண்டாம் என்றார். அசல் பத்திரத்தை எங்காவது ஈடு வைத்து வாய்மொழியாகக் கடன் வாங்கியிருந்தால், அது பதிவாகாதவரை ஈசியில் தெரியாது. அசல் கையில் இல்லை என்று ஒருவர் சொன்னால் ஏன் இல்லை என்று தெரியும்வரை அடுத்த அடி வைக்கக்கூடாது. நல்லவேளை, மூத்தவர் தகரப் பெட்டியிலிருந்து இரண்டு பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். அவர்கள் அப்பா 1978இல் வாங்கியது ஒன்று, அவருக்கு விற்றவர் 1962இல் வாங்கியது ஒன்று.

1962 பத்திரத்தில் அளவு குழியில் இருந்தது. 'குழி 15.' வக்கீல் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டார். நம் பக்கத்துக் குழி 144 சதுரடி. 15 குழி என்றால் 2,160 சதுரடி. ஒரு சென்ட் 435.6 சதுரடி. வகுத்தால் 5 சென்ட்கூட முழுசாக வரவில்லை. பட்டாவை எடுத்துப் பார்த்தார். 2 ஏர், அதாவது 200 சதுர மீட்டர் என்றிருந்தது, அதுவும் 5 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவுதான். பழைய பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போகின்றன. வேலிக்குள் கிடக்கும் ஆறாவது சென்ட் மட்டும் எதிலும் இல்லை.

"இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு போய்ப் பார்ப்போம்" என்று மனையின் அளவுகள் போட்ட சர்வே வரைபடமான புலப்படத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். தனியார் சர்வேயர் ஒருவரையும் அழைத்துப் போனோம். அப்போது சித்திரை. வாய்க்காலில் தண்ணீர் இல்லை, புல் முளைத்துக் கிடந்தது. எது கரை, எது மனை என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. சர்வேயர் தெருப்பக்கக் கல்லிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டே போனார். மூன்றாவது தென்னை தாண்டியதும் நின்றார். "மனை இங்க முடியுதுங்க." பின்வேலி அங்கிருந்து இன்னும் பதினைந்து அடி தள்ளி இருந்தது. நடுவில் இருந்தது வாய்க்கால் புறம்போக்கு. நாலாவது தென்னையும் முருங்கையும் அதில்தான் நின்றன.

அண்ணன் தம்பிகள் ஏமாற்ற நினைத்ததாக நான் சொல்ல மாட்டேன். அவர்கள் அப்பா போட்ட வேலி, அவர்கள் பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். கணக்கைக் காட்டியதும் மூத்தவர் வாயடைத்துப் போனார். விலை பன்னிரண்டரை லட்சத்துக்கு இறங்கியது. வக்கீல் கட்டணத்தைப் போல பதினைந்து மடங்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் திரும்பி வந்தது.

வில்லங்கம் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். நானே செல்போனில் பதிவுத்துறைத் தளத்துக்குப் போய் இலவசமாக ஈசி பார்த்திருந்தேன். ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் நான் பார்த்தது புதிய சர்வே எண்ணில். எண்பதுகளில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் சர்வே எண்கள் மாறியிருக்கின்றன. 1978 பத்திரம் பழைய எண்ணில் இருக்கிறது. புது எண்ணில் மட்டும் தேடினால் பழைய எண்ணில் நடந்தது வராது. வக்கீல் இரண்டு எண்ணுக்கும் போட்டார். 1975க்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் எழுதிய ஈசி வாங்கினார். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பாக்கி இல்லை என்று சான்று கேட்டார். நீதிமன்றத் தளத்தில் அண்ணன் தம்பிகள் பெயரிலும் அப்பா பெயரிலும் வழக்கு இருக்கிறதா என்று தேடினார். எதிலும் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் அவர் வாரிசுச் சான்றிதழைக் கேட்டார். அப்பா 2011இல் இறந்துவிட்டார், அம்மா அதற்கு முன்பே. உயில் கிடையாது. சான்றிதழில் நாலு பெயர் இருந்தது. மூன்று மகன்கள், ஒரு மகள்.

அந்த மகளைப் பற்றி அதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டபோது, "அதுக்குக் கல்யாணத்துல முப்பது பவுன் போட்டாச்சுங்க, அது கேக்காது" என்றார் மூத்தவர். வக்கீல் குரலை உயர்த்தவில்லை. "நகை போட்டது வேற, பங்கு வேற" என்று மட்டும் சொன்னார்.

பலரும் பெண்களுக்குப் பங்கு 2005இல்தான் வந்தது என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் விளக்கியபோதுதான் புரிந்தது. அப்பா தானே சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. இது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும் 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தமும் பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியவை. அதிலும் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு, 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டு விஷயத்தில் அந்தச் சிக்கலே இல்லை. 1978இல் அப்பா வாங்கியது, மகளுக்கு நாலில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

தங்கையிடம் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுகிறோம், செலவுக்கு ஏதாவது கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். சட்டப்படி அதுவும் ஒரு வழிதான். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. வக்கீலும் அவரையே நாலாவது விற்பனையாளராகச் சேர்த்து, அவர் பங்கு அவர் கணக்குக்குப் போவதே பலம் என்றார். பின்னால் யாரும் 'தெரியாமல் கையெழுத்து வாங்கினார்கள்' என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை. இடம் கைவிட்டுப் போகப் போகிறது என்று என் கணவர் பயந்தார். கடைசியில் நானே மூத்தவரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு, அந்தத் தங்கை இருக்கும் நெய்வேலிக்குப் பஸ் ஏறினேன்.

எனக்கு அவர் அக்கா வயது. அந்த அக்கா எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, வரைவுப் பத்திரத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். நான்கெல்லையை மட்டும் சத்தமாகப் படித்தார். "வடக்கே வாய்க்கால்" என்ற இடத்தில் நிறுத்தி, "அங்கதான் நாங்க குளிப்போம்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க அப்பா வீட்டை விக்கறதுக்கு என்கிட்ட வந்து கேட்டது நீங்கதாம்மா" என்று சொல்லி வருவதாக ஒத்துக்கொண்டார்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் வாங்கிய இடத்தில் வேறு மாதிரிச் சிக்கல். இறந்துபோன ஒருவரின் பங்குக்கு அவர் மனைவியும் பத்து வயது மகனும் வாரிசு. அம்மா பையனுக்காகவும் கையெழுத்துப் போட்டுவிட்டார். மைனரின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லையென்றால் அந்தப் பையன் பதினெட்டு வயதானபின் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அவள் இப்போது அந்தப் பையன் வயதை எண்ணிக்கொண்டிருக்கிறாள். வாரிசுச் சான்றிதழில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயதையும் பாருங்கள்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்தோம். நம் மாநிலத்தில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். முன்பணத்தை வங்கி மூலமாகவே கொடுத்தோம். சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை, அதோடு பின்னால் கொடுத்தேன் இல்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை. கணவர் பெயரையும் சேர்க்க ஆசைதான். ஆனால் வாங்குகிறவரும் நேரில் வந்து போட்டோவும் கைரேகையும் கொடுக்க வேண்டும். துபாயிலிருந்து தூதரகம் வழியாகப் பவர் அனுப்பி, அதற்கு இங்கே முத்திரைத் தீர்வை கட்டி என்று நாளாகும் என்பதால் என் பெயரிலேயே வாங்கினோம். பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அது 10 லட்சம் வரையான சொத்துக்கு மட்டும் என்பதால் எங்களுக்குக் கிடைக்கவில்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக ரூ.1,12,500. வீட்டு விலையைப் பேசும்போதே இந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் இதற்காக வட்டிக்கு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வைகாசியில் பதிவு. நாலு பேருக்கும் நாலு டிடி, முன்பணத்தோடு சேர்த்து ஒவ்வொருவருக்கும் ரூ.3,12,500. வக்கீல் பத்திரத்தின் கடைசிப் படியை அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து மறுபடி வரிக்கு வரி படித்தார். ஒரு இடத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவு 2ஏ என்பதற்குப் பதில் 2பி என்று தட்டச்சாகியிருந்தது. அங்கேயே திருத்தி, அந்தத் தாளை மறுபடி எடுத்துக்கொண்டு வரும்வரை எல்லோரும் காத்திருந்தோம். அந்தத் தப்போடு பதிவாகியிருந்தால் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு மறுபடி நாலு பேரையும் கூப்பிட வேண்டியிருந்திருக்கும். அந்த அக்கா கடைசியாக விரல் வைத்துவிட்டு, டிடியை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

உட்பிரிவு செய்ய வேண்டியிருக்காததால் பட்டா தனியாக அலையாமல் என் பெயருக்கு மாறியது. குடிபோகும் முன் பின்வேலியைப் பிடுங்கி மூன்றாவது தென்னைக்குப் பக்கத்தில் நட்டோம். முருங்கையை விட்டுக்கொடுக்க என் அம்மாவுக்கு மனமில்லை, ஒரு கிளையை ஒடித்து உள்ளே நட்டுக்கொண்டார். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்கள். மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை கொல்லைப்பக்கம் போனபோது, வாய்க்கால் நிறைந்து, பழைய வேலி நின்ற குழிகளுக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.